மகன் ஃபீஸுக்கு வாங்கிய போர்டோ ஒயின்: முதலீடா, சாப்பாட்டுச் செலவா?



"சார், பழைய பிரெஞ்சு ஒயின்ல இன்வெஸ்ட் பண்ணச் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டார். வருஷா வருஷம் விலை ஏறிக்கிட்டே போகுமாம். எஸ்.ஐ.பி.யைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு அதுல போடலாமா?"

இந்தக் கேள்வி ஆறு மாசத்துல மூணு பேர்கிட்ட இருந்து வந்திருச்சு. மூணு பேருமே ஐ.டி. வேலை, மூணு பேருக்கும் முப்பது வயசு ஆகலை. அதுல ஒருத்தர்கூட ஒயின் குடிக்கிறவர் இல்லை.

வீடியோவுல "வேண்டாம்"னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா போன நவம்பர்ல லண்டன்ல ஒரு வீட்ல சாப்பிட்ட ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லாம இந்தப் பதில் முழுசாகாது. அதனாலதான் எழுதுறேன். குடிக்கச் சொல்லி எழுதலை. குடிக்காதவங்க குடிக்காமலே இருங்க, உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. எழுதுறது பணத்தைப் பத்தி.

ஆர்ட்டிகிள்ஷிப்ல எனக்கு சீனியரா இருந்த அண்ணா ஒருத்தர், 2007-லேயே லண்டன் போய் செட்டில் ஆனவர். வவுச்சர் செக் பண்றதுல அவ்வளவு கறார். 2010-ல அவருக்குப் பையன் பிறந்தான். அடுத்த வருஷம் ஆபீஸ் நண்பர் மூலமா ஒரு ஒயின் வியாபாரி அறிமுகமானார். அவர் சொன்னது இதுதான்: "உங்க பையன் பிறந்த வருஷம் போர்டோவுல அபாரமான விளைச்சல். இப்பவே புக் பண்ணுங்க. பதினெட்டு வயசுல வித்தா காலேஜ் ஃபீஸ் கையில."

போர்டோ தென்மேற்கு பிரான்ஸ்ல இருக்கு. அந்த ஊர் ஒயினுக்கும் லண்டனுக்கும் உறவு ரொம்பப் பழசு. 1152-ல அக்கிட்டேன் டச்சஸ் எலனார், பின்னாடி இங்கிலாந்து ராஜாவான ஹென்றியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுல இருந்து 1453 வரைக்கும், முன்னூறு வருஷம் அந்தப் பிரதேசம் இங்கிலாந்து ராஜாக்கள் கையில. இன்னிக்கும் ஆங்கிலேயர் போர்டோ சிவப்பு ஒயினுக்கு கிளாரட்னு தனிப் பேர் வெச்சிருக்காங்க. பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கி வெக்கிறதும் அங்கே இருக்குற பழக்கம்தான். ஆக, வியாபாரி சொன்னதுல பொய்னு ஒண்ணும் இல்லை. 2010 உண்மையிலேயே அருமையான வருஷம்.

விற்கிற முறைக்குப் பேர் ஆன் பிரிமூர். நம்ம ஊர்ல கட்டி முடிக்காத ஃபிளாட்டை புக் பண்றோமே, கிட்டத்தட்ட அதே கதை. அறுவடை முடிஞ்சு அடுத்த வசந்த காலத்துல, ஒயின் இன்னும் பீப்பாய்ல இருக்கும்போதே விமர்சகர்கள் வந்து ருசி பார்த்து மார்க் போடுவாங்க. விலை அறிவிப்பாங்க. நீங்க முழுப் பணத்தையும் அப்பவே கட்டணும். பாட்டில் கைக்கு வர இன்னும் ஒண்ணரை, ரெண்டு வருஷம் ஆகும்.

அண்ணா நாலு பெட்டி எடுத்தார். பெட்டிக்கு 12 பாட்டில், 600 பவுண்டு. மொத்தம் 2,400 பவுண்டு. எந்த சாட்டோன்னு வேண்டாம். ஜிரோந்து ஆற்றின் இடது கரையில, செயின்ட் ஜூலியன்ல, 1855 பட்டியல்ல இருக்குற ஒண்ணு.

அந்த 1855 பட்டியலைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டு, போர்டோ தரகர்கள் தயாரிச்ச வரிசை அது. அஞ்சு படிகள். தரகர்கள் உட்கார்ந்து ருசி பார்த்து மார்க் போட்டு அதைத் தயாரிக்கலை. எந்த ஒயின் பல வருஷமா என்ன விலைக்குப் போகுதுன்னு அவங்க கைல இருந்த கணக்கை வெச்சே அடுக்கிட்டாங்க. விலை அதிகமா இருந்ததால முதல் படி. முதல் படியில இருக்குறதால அதுக்கப்புறம் விலை அதிகம். 170 வருஷத்துல முக்கியமான மாற்றம்னு சொன்னா, 1973-ல மூட்டோன் ராத்ஸ்சைல்டு ரெண்டாம் படியில இருந்து முதல் படிக்குப் போனதுதான். ஒரு ரேட்டிங் ஏஜென்சி இப்படி நடந்துக்கிட்டா நாம விடுவோமா?

சரி, நவம்பர் ராத்திரிக்கு வர்றேன்.

போனவுடனே கவனிச்சேன், டைனிங் டேபிள்ல மூணு பாட்டில் நின்னுக்கிட்டு இருந்தது. "ரெண்டு நாளா நிக்க வெச்சிருக்கேன், தொடாதே"ன்னார். பழைய சிவப்பு ஒயின்ல கசடு சேரும். துவர்ப்பும் நிறமும் கொடுக்கிற பொருட்கள் வருஷக்கணக்குல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கனமாகி அடியில படியும். படுக்க வெச்சிருந்த பாட்டிலை அப்படியே திறந்தா கலங்கல்தான் கிளாஸ்ல வரும். அதனால நிமிர்த்தி வெச்சு, அப்புறம் வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில மெதுவா ஊத்தணும். பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தி பிடிச்சு, கசடு வர்ற நேரத்துல நிறுத்துறது பழைய முறை. அண்ணா போன் டார்ச்சைப் பிடிச்சார். ஒரு பாட்டில்ல கார்க் உடைஞ்சு உள்ளே விழுந்தது. அண்ணி ஒண்ணும் பேசாம டீ வடிகட்டியை எடுத்து நீட்டினாங்க.

சாப்பாடு ஆட்டுத்தொடை. பூண்டு, மிளகு, கொஞ்சம் ரோஸ்மேரி, அவ்வளவுதான். மிளகாய்த்தூளே இல்லை. போர்டோக்காரங்களே இந்த ஒயினோட ஆட்டுக்கறியைத்தான் சேர்ப்பாங்க. பொயாக் ஊர் இளம் ஆட்டுக்கறிக்கு அங்கே தனி மரியாதை. கறியோட புரதமும் கொழுப்பும் ஒயினோட துவர்ப்பை வாங்கிக்கும். காரம் இருந்தா துவர்ப்பும் ஆல்கஹாலும் இன்னும் எரிச்சலா தெரியும், பழைய ஒயினோட மெல்லிசான வாசனையெல்லாம் அடிபட்டுப் போகும். நான் விவரம் தெரியாம எலுமிச்சை ஊறுகாய் கேட்டேன். அண்ணா பார்த்த பார்வை, ஆடிட்ல கேஷ் புக் டேலி ஆகலைன்னு சொன்னப்போ பார்த்த அதே பார்வை.

முதல் பாட்டில் 2003. வலது கரை, மெர்லோ திராட்சை அதிகம் இருக்குற பக்கம். 2008-ல போனஸ் வந்தப்போ ஆறு பாட்டில் வாங்கினாராம். அதையும் "விலை ஏறட்டும்"னு வெச்சிருந்திருக்கார். 2003 ஐரோப்பாவுல பெரிய வெயில் வருஷம். அந்த வருஷத்து ஒயின் சிலது ரொம்ப சீக்கிரம் முதிர்ந்துடுச்சு. கிளாஸ்ல ஊத்தினா ஓரம் முழுக்கப் பழுப்பு. வாசனை, மூடி வெச்ச பீரோவுல இருந்து எடுத்த பழைய துணி மாதிரி. வாயில புளிப்பு மட்டும் மிச்சம். கெட்டுப்போகலை, செத்துப்போச்சு. "பத்து வருஷம் முன்னாடி குடிச்சிருக்கணும்டா"ன்னு சொல்லி சிங்க்ல ஊத்தினார். ஆறாவது பாட்டிலாம் அது. மத்த அஞ்சும் அந்த மாசமே திறந்து பார்த்து, அதே கதைதான்.

ரெண்டாவது 2009. க்ரூ புர்ஷுவா வகை. அதாவது 1855 பட்டியல்ல இடம் கிடைக்காத, ஆனா ஒழுங்கா ஒயின் செய்யிற மெடாக் பகுதித் தோட்டங்களுக்குக் கொடுக்கிற பேர். 2012-ல சூப்பர் மார்க்கெட்ல 13 பவுண்டுக்கு வாங்கி, மாடிப்படிக்கு அடியில போட்டு மறந்தே போயிருக்கார். இதுதான் அன்னிக்கு ராத்திரியோட அதிசயம். சுருட்டுப் பெட்டியைத் திறந்தா வருமே அந்த மர வாசனை, மழை பெஞ்ச தோட்டத்துல காஞ்ச இலை வாசனை, அதுக்குப் பின்னாடி நாவல் பழம். துவர்ப்பு இருந்தது, ஆனா நாக்கைப் பிடிச்சு இழுக்கலை. ஆட்டுக்கறியோட ரெண்டு வாய் போனதும் பேச்சே நின்னு போச்சு.

மூணாவதுதான் ஃபீஸ் ஒயின். 2010. ரெண்டரை மணி நேரம் குடுவையில காத்தாட விட்டும் இன்னும் விறைப்பா நின்னது. இளம் பாக்கைக் கடிச்ச மாதிரி துவர்ப்பு. ஆனா உள்ளே ஏதோ பெருசா இருக்குன்னு தெரியுது. அரை மணிக்கு ஒரு தடவை வேற மாதிரி மாறுது. கேபர்நே சோவின்யான் அதிகம் இருக்குற இடது கரை ஒயின், நல்ல வருஷத்துல, இருபது இருபத்தஞ்சு வருஷம் தாராளமா தாங்கும். பதினஞ்சு வயசுல அது இன்னும் வாலிபம்.

"அப்போ இன்னும் வெச்சிருந்து வித்தா நல்ல விலை வருமே?"ன்னு நான் கேட்டேன். அண்ணா லேப்டாப்பை எடுத்துட்டு வந்தார். ஆடிட்டர் வீட்டு விருந்துன்னா இப்படித்தான்.

ஒரு பெட்டிக் கணக்கு. 2011-ல கொடுத்தது 600 பவுண்டு. வரி கட்டாத கிடங்குல வெச்சிருக்க, இன்ஷூரன்ஸோட சேர்த்து வருஷத்துக்கு 12 பவுண்டு, 14 வருஷத்துக்கு 168. அவருக்கு இப்போ கிடைச்ச விலை 720. தரகர் கமிஷன் பத்து சதவீதம், 72. கைக்கு 648. அதுல கிடங்குச் செலவைக் கழிச்சா 480. போட்ட 600-க்குப் பதினாலு வருஷம் கழிச்சு 480. நாலு பெட்டிக்கும் சேர்த்து 480 பவுண்டு நஷ்டம். விலைவாசி ஏறினதை இதுல சேர்க்கவே இல்லை.

நீங்க ரூபாயில யோசிக்கிறவங்க, அதையும் போட்டுப் பார்த்துடலாம். 2011 நடுவுல பவுண்டு சுமார் 72 ரூபாய், 2025-ல சுமார் 115. அப்போ 43,200 ரூபாய் போட்டு, பதினாலு வருஷம் கழிச்சு 55,200. வருஷத்துக்கு 2 சதவீதம்கூட வரலை, அதுவும் ரூபாய் விழுந்ததால வந்தது. இதே 43,200 ரூபாய் 7 சதவீத எஃப்.டி.யில கூட்டு வட்டியோட கிடந்திருந்தா, வரிக்கு முன்னாடி 1,11,000 ரூபாய்க்கு மேல. தூங்கிக்கிட்டே சம்பாதிச்சிருக்கலாம்.

ஏன் இப்படி ஆச்சு? ஒயின் மோசமா? இல்லவே இல்லை. வாங்கின நேரமும் விலையும்தான் காரணம். 2008-ல ஹாங்காங் ஒயினுக்கான வரியை ரத்து பண்ணுச்சு. சீனப் பணம் போர்டோவை நோக்கிப் பாய்ஞ்சது. லஃபீட் ராத்ஸ்சைல்டு தன்னோட 2008 பாட்டில்ல சீன எழுத்துல எட்டுன்னு பொறிக்கப்போறோம்னு 2010-ல அறிவிச்சது. எட்டு அங்கே ராசியான எண். உள்ளே இருக்குற ஒயின் ஒரு சொட்டுகூட மாறலை, விலை மட்டும் துள்ளுச்சு. 2011 நடுவுல லண்டன் ஒயின் சந்தைக் குறியீடு உச்சத்தைத் தொட்டது. அதே கோடையிலதான் 2010 ஒயின்கள் அதுவரைக்கும் இல்லாத விலையில விற்பனைக்கு வந்துச்சு. அப்புறம் வருஷக்கணக்குல சரிவு. முதல் படியில இருக்குற லத்தூர் 2012-ல ஆன் பிரிமூர் முறையை விட்டே வெளியேறி, ஒயின் குடிக்கத் தயாரானதும் நாங்களே விற்கிறோம்னு சொல்லிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. வெச்சிருந்தா விலை ஏறும்னா, அந்த ஏற்றத்தை ஏன் உங்களுக்கு விட்டுக்கொடுக்கணும், தோட்டக்காரரே வெச்சுக்க மாட்டாரா?

இன்னொரு பக்கமும் பாருங்க. அதே போர்டோவுல, பேர் இல்லாத சாதாரணத் தோட்டக்காரங்க ஒயின் விற்க முடியாம, கொடியைப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 6,000 யூரோன்னு 2023-ல உதவித்தொகை அறிவிச்சாங்க. "போர்டோ ஒயின் விலை எப்பவும் ஏறும்"னு போன்ல சொல்றவர் இந்தத் தோட்டங்களைப் பத்திப் பேச மாட்டார். மேலே இருக்குற சில டஜன் பேரை மட்டும்தான் காட்டுவார், அதுலயும் ஏறின வருஷத்தை மட்டும்.

ஒயின் வட்டி தராது, டிவிடெண்ட் தராது. ஒவ்வொரு வருஷமும் உங்ககிட்டதான் வாடகை வாங்கும். விலை எவ்வளவுன்னு சொல்றவரும் விற்கிறவரும் பல சமயம் ஒரே ஆள். பிரிட்டன்ல ஒயின் முதலீட்டை நிதிக் கட்டுப்பாட்டு ஆணையம் கண்காணிக்கிறது இல்லை, நம்ம செபிக்கும் சம்பந்தம் இல்லை. ஏமாந்தா புகார் கொடுக்க ஒழுங்கான கவுன்டரே கிடையாது. போலி வேற. ரூடி குர்னியவான்னு ஒருத்தர் கலிஃபோர்னியாவுல தன் வீட்லயே பழைய அரிய ஒயின்களைப் போலியா கலந்து, லேபிள் ஒட்டி, கோடீஸ்வரங்களுக்கே வித்தார். 2014-ல பத்து வருஷ ஜெயில் தண்டனை. அவங்களுக்கே தெரியலை, நமக்கு எங்கே தெரியும்?

இந்தியாவுல இருந்துக்கிட்டு வெளிநாட்டுக் கிடங்குல பெட்டி வாங்கி வெக்கிறவங்களுக்கு வரித் தலைவலியும் இருக்கு. ரெசிடென்டா இருந்தா ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்.ஏ.யில காட்டணும். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்கு மேல இருந்து காட்டலைன்னா 10 லட்சம் அபராதம் வரலாம். 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்த லாபத்துக்கு 12.5 சதவீத வரி. சரி, இங்கே கொண்டு வந்துடலாம்னா, பயணிக்கு 2 லிட்டர் வரைக்கும்தான் சுங்க வரி இல்லை. அதாவது ரெண்டு பாட்டில். மூணாவதுக்கு வரி. இறக்குமதி ஒயினுக்கு சுங்க வரி மொத்தம் 150 சதவீதம்ங்கிறது பல வருஷக் கதை. சென்னை வீட்டு அலமாரியில வெச்சு முதிர விடலாம்னு நினைக்காதீங்க. 12, 13 டிகிரியில தூங்க வேண்டிய ஒயின் அது, நம்ம ஏப்ரல் மாசத்துல வெந்துடும்.

இப்போ என் கருத்து. அண்ணா செஞ்ச தப்பு ஒயின் வாங்கினது இல்லை. தப்பான தலைப்புல எழுதினதுதான். வீட்டுச் செலவுல எழுத வேண்டியதை முதலீட்டுல எழுதிட்டார். அதனால பதினாலு வருஷம் அதைக் குடிக்கவும் முடியலை, விற்கவும் மனசு வரலை. 2003 பாட்டில் ஆறும் செத்தது வெயிலால மட்டும் இல்லை, அந்தத் தலைப்பாலயும்தான். முதலீடுன்னு எழுதினதை எப்படித் திறந்து குடிக்கிறதுன்னு காத்திருந்தார். 13 பவுண்டு பாட்டிலை யாரும் முதலீடுன்னு நினைக்கலை. அதனாலதான் அது சரியான நேரத்துல டேபிளுக்கு வந்துச்சு.

தலைப்பை மாத்திப் பார்த்தா கணக்கே வேற. கிடங்குல இருந்து வீட்டுக்கு எடுக்கும்போது பாட்டிலுக்கு சுமார் 3 பவுண்டு தீர்வை, மொத்தத்துக்கும் 20 சதவீத வாட். 50 பவுண்டு பாட்டில் 63 சொச்சம் ஆகும். பதினாலு வருஷ வாடகை 14 பவுண்டு சேர்த்தா 78-க்குப் பக்கம். அன்னிக்கு டேபிள்ல பெரியவங்க ஆறு பேர். தலைக்கு 13 பவுண்டு.  முதலீடா பார்த்தா படுதோல்வி, விருந்தா பார்த்தா நியாயமான விலை. பாட்டில் ஒண்ணேதான்.

இதை ஒயினுக்கு மட்டும் சொல்லலை. கைக்கடிகாரம், லிமிடெட் எடிஷன் ஷூ, "ரீசேல் வேல்யூ இருக்கு"ன்னு சொல்லி எடுக்கிற பைக், எல்லாத்துலயும் நாம இந்தப் பொய்யை நமக்கே சொல்லிக்கிறோம். ஆசையா இருக்கு, வாங்குறேன்னு சொல்லக் கூச்சம், அதனால முதலீடுன்னு பேர் வெச்சுடறோம். ஆசைக்குச் செலவு பண்றதை நான் எதிர்க்கலை. அவசர நிதி இருக்கு, டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கு, எஸ்.ஐ.பி. ஓடுது, அதுக்கு மேல மிச்சம் இருக்குன்னா தாராளமா வாங்குங்க. வாங்குற அன்னிக்கே செலவுன்னு எழுதிடுங்க.

அந்த மூணு பேருக்கும் என் பதில்: எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீங்க. ஒயின் மேல நிஜமாவே ஆசை இருந்தா, வெளிநாடு போகும்போது பத்து வயசான ஒரு க்ரூ புர்ஷுவா வாங்கி, நாலு பேரைக் கூப்பிட்டு, காரம் கம்மியா ஒரு கறி சமைச்சு, அன்னிக்கே குடிச்சு முடிச்சுடுங்க. பெட்டிக் கணக்குல வாங்கச் சொல்லிப் போன்ல கூப்பிடறவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இன்னிக்கு நான் இதை உங்ககிட்டயே வித்தா என்ன விலைக்கு எடுத்துப்பீங்க, எழுத்துல கொடுங்க." வந்த மூணு பேர்ல ஒருத்தர் கேட்டிருக்கார். அதுக்கப்புறம் அவருக்கு போன் வரலை.

அண்ணா லேப்டாப்பை மூடினதும் அண்ணி கேட்டாங்க, "அப்போ ஃபீஸ்?" டேபிள் அமைதியாச்சு. பையன் கறியைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அண்ணிக்கு அந்தப் பதில் ஏற்கெனவே தெரியும்ங்கிறது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. 2016-லேயே, பெட்டியை நம்ப முடியாதுன்னு, மாசம் 150 பவுண்டு ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட்ல போட ஆரம்பிச்சிருக்காங்க. அது ஒரு மாசம்கூட நிக்கலை. அண்ணாவுக்குத் தெரியும், ஆனா அதைப் பத்தி வீட்ல பேச்சே எடுக்க மாட்டாராம்.

மூணு பெட்டியை மாசத்துக்கு ஒரு பாட்டில்னு குடிக்கிறதா முடிவு. ஒரு பெட்டி மட்டும் 2028-ல பையனோட பதினெட்டாவது பிறந்தநாளுக்கு. அண்ணா எக்செல்ல அந்த ஷீட்டை அழிச்சுட்டு, வீட்டுச் செலவு ஷீட்ல ஒரு வரி சேர்த்திருக்கார். மார்ச்ல எனக்கு மறுபடி லண்டன் வேலை இருக்கு. வரச் சொல்லியிருக்கார், ஊறுகாய் பாட்டில் எடுத்துட்டு வராதேன்னு.